கவசத்தை இறக்கு

போன் கையில இல்ல. இருந்திருந்தா இந்நேரம் அவனை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அரையாண்டுத் தேர்வுக் கண்காணிப்புக்குப் போற டீச்சர் எல்லாரும் ஆபீஸ்ல இருக்கிற நீலக் கூடையில போனைப் போட்டுட்டுத்தான் ஹாலுக்குள்ள கால் வைக்கணும்னு எங்க ஹெச்.எம். சகாயமேரி உத்தரவு, காய்கறி வாங்குற கூடை அது, அதுல இப்ப என் போன் யார் போனுக்கு அடியிலயோ கவுந்து கிடந்து உர்ர் உர்ர்னு அதிர்ந்துகிட்டு இருக்கும், எல்லாம் அந்தக் கருவாட்டுக் கேப்டனால. கூடையில போடப்போற கடைசி நிமிஷத்துலதான் எங்க போன் குழுவுல அவன் எழுதியிருந்ததைப் படிச்சேன். படிக்காமலே போட்டுத் தொலைச்சிருக்கலாம். படிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, கிளார்க் "மிஸ், கூடை, மிஸ், கூடை"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்து அவரே கையில இருந்து வாங்கிப் போட்டுக்கிட்டார். இனி மதியம் மணியடிக்கிற வரைக்கும் இந்த ஹாலே கதி. பிளஸ் டூ பிள்ளைகள், இயற்பியல் பரீட்சை, எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது, நான் தமிழ் டீச்சர். உக்காரக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. நடக்கலாம். யோசிக்கக் கூடாதுன்னு மட்டும் சகாயமேரி இன்னும் உத்தரவு போடல, போட்டிருந்தா இன்னைக்கு எனக்கு உபகாரமா இருந்திருக்கும். அண்ணன்தான் அது. எங்க அண்ணன் கோமதிநாயகம்தான் அந்தக் கேப்டன். வேற யாரா இருக்க முடியும்?

வெளியில சொன்னா சிரிப்பாங்க. வீட்டுக்காரர் ஏற்கெனவே சிரிக்கிறார், "என்ன, இன்னைக்குக் கப்பல் சண்டை முடிஞ்சுதா, சோறு போடுறியா"ன்னு கேக்காத நாள் இல்ல. முந்நூறு பேர் இருக்கிற குழு அது, பேரு 'மோதிப் பார்'. நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப டிவியில தமிழ்ல டப் பண்ணி ரெண்டு விண்வெளித் தொடர் வந்துச்சு, ஒண்ணு எட்டாம் கோள், இன்னொண்ணு இரும்பு மீன். வெளிநாட்டுத் தொடருங்கதான், ஆனா அதுகளுக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னுகூட எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். எட்டாம் கோள் கட்சிக்காரங்களை எதிர்க்கட்சி 'கோள்மூட்டி'ன்னு கூப்பிடும். மீன்னா நட்சத்திரம்டா மடையங்களான்னு அவங்க எத்தனை தடவை கத்தினாலும் இரும்பு மீன்காரங்களை நாங்க 'கருவாடு'ன்னுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு மாசமும் ஒரு மோதல். எங்க கப்பல் வைகறையும் அவங்க கப்பல் சம்மட்டியும் நேருக்கு நேர் வந்தா யார் ஜெயிப்பா? எங்க டாக்டரம்மா அவங்க விஷத்துக்கு மருந்து கண்டுபிடிப்பாளா மாட்டாளா? இப்படி. நடக்காத சண்டை, இல்லாத கப்பல், அதுக்கு ஆதாரம், மேல்முறையீடு, நடுவரா சேலத்துல இருந்து ஒரு பல் டாக்டர். வயசு வந்தவங்க செய்யிற வேலையா இது? இல்லதான். ஆனா காலையில எந்திரிச்சதும் நான் முதல்ல பாக்கிறது அதைத்தான், பால் பொங்கி வழிஞ்சாலும் அதைத்தான். முக்கியமான சட்டம் ரெண்டு. தமிழ் டப்பிங்ல என்ன சொன்னாங்களோ அதுதான் ஆதாரம், மூலத்துல வேற மாதிரி இருக்குன்னு எவனாவது இழுத்தா வெளியே தள்ளிடுவோம். இன்னொண்ணு, தோத்த கட்சித் தலைவர் ஜெயிச்ச கப்பலைப் புகழ்ந்து ஒரு வெண்பா எழுதி அதைச் சொந்தக் குரல்ல பாடி அனுப்பணும், தளை தட்டினா திரும்ப எழுதணும். அந்த ரெண்டாவது சட்டம் இந்த மாசம்தான் நான் கொண்டுவந்தது, இன்னும் யாரும் பாடல. அதுதான் இன்னைக்கு என் கழுத்தைப் பிடிக்குது.

இந்த மாசம் வைகறைக்கும் சம்மட்டிக்கும்தான். எல்லாம் ஒரே ஒரு வார்த்தையில வந்து முட்டிக்கிட்டு நின்னுது. விண்கல் வளையத்துக்குள்ள மாட்டிக்கிட்ட அத்தியாயத்துல எங்க தலைவி கையை ஓங்கி "கவசத்தை இறக்கு!"ன்னு கத்துவா, உடனே விளம்பரம் வந்துடும், விளம்பரம் முடிஞ்சு பாத்தா கப்பல் தப்பிச்சு ஓடிக்கிட்டிருக்கும், வால் பக்கம் ஓட்டை. அம்புட்டுதான். கவசத்தை இறக்குன்னா என்ன? கருவாடுங்க சொல்றாங்க, இறக்குன்னா கீழே போடு, மூட்டையை இறக்கு, பாரத்தை இறக்கு, அதாவது அடி விழுற நேரத்துல கவசத்தைக் கழட்டிப் போட்ட முட்டாள் கப்பல் உங்களுது, சம்மட்டி ஒரே போடுல முடிச்சிடும். நாங்க சொல்றோம், இறக்குன்னா களத்துல இறக்கு, படையை இறக்குற மாதிரி. டப்பிங் எழுதின ஆளு என்ன நினைச்சு எழுதினாரோ, டீ குடிச்சுக்கிட்டே எழுதினாரோ, அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், யாருன்னே தெரியல. ஒரு வாரமா ரெண்டு பக்கமும் அகராதியைப் புரட்டி, மீன்பிடித் துறைமுகத்துல வலையை இறக்குறது, கோயில்ல சப்பரம் இறக்குறது, பேய் இறக்குறது வரைக்கும் போயாச்சு. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது. இதுக்கு நடுவுல இன்னைக்குக் காலையில அந்தக் கேப்டன், எதிர்க்கட்சித் தலைவன், கருவாடுன்னு திட்டினதையே பட்டமா எடுத்துக்கிட்டுப் பேரு வச்சுக்கிட்டவன், எழுதியிருக்கான்: 'யோசித்துப் பார்த்தேன். கவசம் என்பது கடை ஷட்டர் போல. மேலே சுருண்டிருக்கும். இறக்கினால்தான் விண்களத்தை மூடும். கப்பல்காரி சொல்வதே சரி.' கப்பல்காரிங்கிறது நான். குழுவுல என் பேரு அதுதான், அங்க எல்லாருக்கும் புனைபேருதான், யாரு நம்பரும் யாருக்கும் தெரியாது. ஷட்டரு! இதை இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்கான். அந்த அத்தியாயம் வந்த அன்னைக்கு, கவசத்தைக் கழட்டச் சொல்லிட்டாளே, எல்லாரும் சாகப் போறாங்களேன்னு நான் அழுதப்ப, எங்க பெயிண்ட் கடை வாசல்ல என்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தி, கம்பியை எடுத்து ஷட்டரைக் கொக்கி போட்டுத் தடதடன்னு இழுத்து, "பாருட்டி, இறக்கினாத்தான் பூட்ட முடியும், மேலே தூக்கிட்டா கள்ளன் வந்துருவாம்லா"ன்னு சொன்னது யாரு? கோமதிநாயகம். அப்பா உள்ள இருந்து, கடைக்குள்ள ஆள் இருக்கறப்ப எவன்டா ஷட்டரை இறக்குனதுன்னு சத்தம் போட்டார்.

"மிஸ்." கடைசி பெஞ்சுல ஒரு பிள்ளை கையைத் தூக்குது. எக்ஸ்ட்ரா ஷீட். கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், தேதி தப்பாப் போட்டு அடிச்சுத் திருத்தினேன். இன்னொரு பிள்ளை வினாத்தாளை நீட்டி "மிஸ், இந்தக் கேள்வியில பிரிண்ட் சரியா இருக்கா?"ன்னு கேக்குது. வாங்கிப் பாத்தா, 'புவியின் ஈர்ப்பிலிருந்து விடுபடும் விண்களம் ஒன்றின்...' விண்களமாம்! விண்கலம்டா, கலம், மரக்கலம் மாதிரி கலம், களம்னா நெல்லடிக்கிற இடம். ராக்கெட்டு பறக்குமா, நெல்லடிக்கிற களம் பறக்குமா? பன்னெண்டாம் வகுப்புக் கேள்வித்தாள், யாரும் படிச்சுப் பாக்கிறதில்ல, என்கிட்ட ஒரு வார்த்தை காட்டினா குறைஞ்சா போயிடுவாங்க? "சின்ன ல, கண்ணு, அடிச்சுட்டு மாத்திப் படி"ன்னேன். அந்தப் பிள்ளை என்னைப் பாத்த பார்வையில, சின்ன லவுக்கும் பெரிய ளவுக்கும் வேகம் மாறுமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. மாறாது, எழுது. ஒரு நிமிஷம். கேப்டனும் விண்களம்னுதானே எழுதியிருந்தான்? மாசக்கணக்கா அப்படித்தான் எழுதுறான், நானும் மாசக்கணக்காத் திருத்துறேன், திருந்த மாட்டேங்கிறான். அண்ணனும் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் எழுதுவான், பள்ளிக்கூடத்தையே பல்லிக்கூடம்னு எழுதி அடி வாங்கினவன். இது ஒரு ஆதாரம்னு காலையில மனசுக்குள்ள குறிச்சு வச்சேன். இப்ப என்னடான்னா இந்த இயற்பியல் வாத்தியாரும் அப்படியே எழுதியிருக்கார், அவரும் எங்க அண்ணனா? சரி, விடு. இந்த ஆதாரம் வேண்டாம். ஷட்டர் போதும். அதுபோக ஒரு தடவை குழுவுல நான் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போக முடியலன்னு எழுதினப்ப, இவன் மட்டும் ஒண்ணுமே சொல்லாம ஒரு கும்பிடு போட்டான். சங்கரன்கோவில்காரனுக்குத்தானே தபசுன்னா கை தானா மேலே போகும்? மத்தவங்கல்லாம் அது என்ன திருவிழான்னு கேட்டாங்க. இவன் கேக்கல. கேக்கலைங்கிறது ஆதாரமா? குழுவுல யாராவது இப்படி ஒரு ஆதாரத்தோட வந்திருந்தா நான் தூக்கி எறிஞ்சிருப்பேன், போய் உருப்படியா ஏதாவது கொண்டுவாய்யான்னு சொல்லியிருப்பேன். ஆனா அவன்தான். எனக்குத் தெரியும்.

நாலு வருஷமாப் பேசல. பேசாததுக்குக் காரணம் ரெண்டு பேருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அப்பாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து எல வச்சு உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்பாவை முன்னாடியே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்லான்னு நான் கேட்டேன். கேக்கக் கூடாதா? நான் மக இல்லையா? சனிக்கிழமை சனிக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து பஸ்ஸு ஏறி, மதுரையில இறங்கி, மறுபடி ஏறி, உடம்பு வலிக்க வலிக்க வந்து, ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல உக்காந்து, ராத்திரி வண்டி பிடிச்சுத் திங்கக்கிழமை வகுப்புக்கு நிப்பேன். எனக்குக் கேக்க உரிமை இல்லையா? அவன் சாம்பார் வாளியைக் கீழே வச்சான். வச்சுட்டு என்னென்னவோ சொன்னான், மோஷன் துணி கசக்கினது யாரு, மாத்திரைக்கு அலைஞ்சது யாரு, எல்லாம் சரிதான், அவன் செஞ்சதை நான் இல்லைன்னு சொல்லல, ஆனா கடைசியா ஒண்ணு சொன்னான் பாரு. "வந்த விருந்தாளி. போ." அவ்வளவுதான். என் வீட்டுல, நான் பொறந்த வீட்டுல. அன்னைக்குப் பஸ்ல வர்றப்ப நான் அழல. என்ன செஞ்சேன் தெரியுமா, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதை அலகிட்டேன். வந்த, தேமா. மாவுக்குப் பின்னால நிரை வரணும், விருந், நிரை, வந்துடுச்சு. விருந்தாளி, புளிமாங்காய். காய்க்குப் பின்னால நேர் வரணும். போ. நேர், நாள். தளை தட்டவே இல்ல. அச்சு அசல் வெண்பா ஈற்றடி. தேமா எது புளிமா எதுன்னு தெரியாம வாத்தியார்கிட்ட முட்டி போட்டு நின்ன தடியன், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை இலக்கணம் பிசகாம ஒரு அடி சொன்னான், அதையும் என்னைத் துரத்துறதுக்குச் சொன்னான். இப்பக் கூட வகுப்புல வெண்பா இலக்கணம் நடத்துறப்ப ஈற்றடிக்கு உதாரணம் சொல்லணும்னா முதல்ல என் நாக்கு நுனிக்கு வர்றது அதுதான். விழுங்கிட்டு வேற சொல்லுவேன். வந்த விருந்தாளி போ. வந்த விருந்தாளி போ. நடை கூட அதுக்குத் தகுந்த மாதிரி விழுது, மூணு எட்டு வச்சுத் திரும்புறேன். முன் பெஞ்சுப் பிள்ளை நிமிந்து பாக்குது. எழுதும்மா, நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப விட்டுக்கொடுக்கிறானாம். அதுதான் எனக்கு அடி வயித்துல இருந்து எரியுது. அவன் கட்சி ஜெயிக்கிற நிலைமையில இருக்கு, பல் டாக்டரே பாதி அந்தப் பக்கம் சாஞ்சாச்சு, அப்ப வந்து கப்பல்காரி சொல்வதே சரியாம். கேரம் விளையாடுறப்பவும் இதே புத்திதான், சிவப்புக் காயை வேணும்னே விட்டுட்டு, நான் போட்டதும் தெருவெல்லாம் போய், பாப்பா ஜெயிக்கட்டும்னு விட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். எனக்கு ஜெயிச்ச மாதிரியும் இருக்காது, தோத்த மாதிரியும் இருக்காது, காயை எல்லாம் கலைச்சுட்டு எந்திரிச்சுப் போவேன். உன் பிச்சை எவளுக்கு வேணும்? வாதாடி ஜெயிக்க எனக்குத் தெம்பு இல்லையா? சட்டப்படி இப்ப என்ன நடக்கும்? எதிர்க்கட்சித் தலைவன் ஒத்துக்கிட்டா எங்க பக்கத்துத் தலைவி மதியம் ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும், தலைவி நான்தான், ஏற்கிறேன் இல்ல மறுக்கிறேன். ஒண்ணும் சொல்லலன்னா ஏத்துக்கிட்டதாக் கணக்கு. மணியடிச்சதும் நான் சும்மா இருந்துட்டாப் போதும், ஏத்துக்கிட்டதா ஆயிடும். ஆனா சாயங்காலத்துக்குள்ள அவன் வெண்பாப் பாடி அனுப்பணும். அவன் குரல்ல. எனக்கு அதை நினைச்சாலே நெஞ்சு படபடங்குது. கடைசியாப் பேசினப்பவே அவன் தொண்டை அப்பா தொண்டை மாதிரி ஆகிக்கிட்டு வந்துச்சு, அந்த லேசான கரகரப்பு, முடிக்கிறப்ப ஒரு இழுப்பு. நாலு வருஷத்துல முழுசா அப்பாவாவே ஆயிருந்தா? முந்நூறு பேர் கேக்க, கைதட்டுப் பொம்மை போட, இடிச்சுச் சிரிக்க, அதுக்கு நடுவுல நான் எங்க அப்பா குரலைக் கேக்கணுமா? என்கிட்டப் பேசணும்னா பேச வேண்டியதுதானே? நம்பர் இல்லையா? நான் மாத்தவே இல்லையே, அதே நம்பர்தானே வச்சிருக்கேன், அவன் கூப்பிட்டாக் கிடைக்கணுமேன்னுதானே, இல்ல, அதுக்காக இல்ல, பேங்க்ல எல்லாம் மாத்தணும், அலைச்சல், அதனால வச்சிருக்கேன். எதுக்குக் கப்பலு, கவசம், கருவாடு? வாசல்ல வந்து நின்னு கதவைத் தட்டாம, எதிர்வீட்டு மாடியில இருந்து கல்லைப் போட்ட மாதிரி.

தண்ணி குடிக்க மாத்தி விடுறதுக்கு ஷகிலா வந்தா, விலங்கியல் டீச்சர், என் சிநேகிதி. "என்னடி வடிவு, மூஞ்சி செவந்து கெடக்கு, பிட்டு புடிச்சியா?"ன்னா. வாசல்ல ஒதுங்கி நின்னு ரகசியமாச் சொன்னேன், முழுசாச் சொல்ல நேரமில்ல, எங்க அண்ணன் குழுவுல வேற பேருல இருக்கான், எனக்காக விட்டுக்கொடுத்திருக்கான்னு. "உங்கண்ணனா? பேசாம இருக்காரே, அவரா? எப்படித் தெரியும்?" "கவசம் கடை ஷட்டர் மாதிரின்னு எழுதியிருக்கான்." அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. "ஷட்டர் இல்லாத கடை ஊர்ல ஏதுடி? எங்க வீட்டுக்காரர் செருப்புக் கடைக்குக் கூடத்தான் ஷட்டர் இருக்கு." "இது அந்த ஷட்டர்." "எந்த ஷட்டர்?" "உனக்குப் புரியாது, விடு." "எனக்குப் புரியுது," ன்னு சொல்லிட்டு அவ என் கையில இருந்த நூல்கட்டை வாங்கிக்கிட்டா, "அவரா இருக்கணும்னு உனக்கு இருக்கு, அவ்வளவுதான். போய்த் தண்ணி குடி, கூட ரெண்டு நிமிஷம் ஆனாலும் பரவாயில்ல." எரிச்சலா வந்துச்சு. விலங்கியல் டீச்சருக்கு என்ன தெரியும், தவளையை அறுத்துப் பாக்கிறவ. போய்த் தண்ணி குடிச்சேன், ஆபீஸ் ஜன்னல் வழியா நீலக் கூடை தெரிஞ்சுது, கிளார்க் அது மேல நாளிதழைப் போட்டு மூடி வச்சிருந்தார். உள்ள போய்க் கேட்டா கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். கேட்டுத்தான் பாக்கலாமேன்னு ஒரு எட்டு வச்சேன், சகாயமேரி செருப்புச் சத்தம் வராண்டாவுல கேட்டுச்சு, திரும்பிட்டேன். அவரா இருக்கணும்னு எனக்கு இருக்காம். எனக்கென்ன வந்துச்சு? எனக்கு அவன் இல்லாம நாலு வருஷம் ஓடல? தீபாவளி வரல, பொங்கல் வரல? வந்துச்சு. எல்லாத்துக்கும் நான் பலகாரம் சுட்டேன், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். அண்ணன் வீட்டு வரிசை வரலையான்னு மாமியார் கேட்டப்ப அடுப்புல இருந்து திரும்பாமலே வரும்னு சொன்னேன்.

மணியடிச்சதும் மறுத்துடுறதுன்னு முடிவு பண்ணினேன். ஆமா. ஷட்டர் உவமை செல்லாது, டப்பிங்ல ஷட்டர்னு வார்த்தையே வரல, உவமையெல்லாம் ஆதாரமாகாது, எங்கள் கவசம் விழுந்தது, நாங்கள் தோற்றோம்னு எழுதிடணும். என் கட்சிக்காரங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவாங்க, விடட்டும். தோத்தா வெண்பா நான்தான் பாடணும், என் குரலை அவன் கேக்கட்டும், அவன் நெஞ்சு படபடக்கட்டும். அப்பவே எழுதவும் ஆரம்பிச்சுட்டேன், மனசுக்குள்ள. சம்மட்டி, தேமாங்காய். காய்க்குப் பின்னால நேர். சம்மட்டி ஓங்க... ஓங்க, தேமா, அப்புறம் நிரை... சரியா வருது, ரெண்டு அடி சரசரன்னு வருது, மூணாவதும் வந்துச்சு, ஈற்றடிக்கு வந்து நின்னா வந்த விருந்தாளி போ. சீ. அழி. வேற யோசி. வேற எதைப் போட்டாலும் ஒண்ணு மோனை இடிக்குது, இல்லைன்னா அர்த்தம் நொண்டுது, அதைப் போட்டா மட்டும் கச்சிதமா உக்காருது. பதினஞ்சு வருஷமா யாப்பு நடத்துறேன், ஒரு மூணு சீருக்கு எனக்கு வக்கில்லாமப் போச்சு. இந்தப் பிள்ளைகள் எல்லாம் எவ்வளவு நிம்மதியா எழுதுது, இதுகளுக்கு விடை எங்கயோ ஒரு இடத்துல இருக்கு, சரியா எழுதினா சரி, தப்பா எழுதினா தப்பு. நான் சும்மா இருந்தா அவன் பேசுவான், மறுத்தா நான் பேசணும், எப்படிப் போனாலும் முந்நூறு பேருக்கு முன்னால, கப்பலைப் புகழ்ந்து. எனக்கும் அவனுக்கும் நடுவுல எதுக்குய்யா ஒரு பல் டாக்டர்?

மணியடிச்சுது. விடைத்தாளை வாங்கி, நூல் கட்டினதைச் சரிபாத்து, ஒண்ணு ரெண்டு பிள்ளைகள் "ஒரே நிமிஷம் மிஸ்"னு கெஞ்சுறதைப் பிடுங்கி, அடுக்கி, கட்டி, ஆபீஸ்ல கொடுத்து, கூடையைக் கிளறி என் போனை எடுத்தேன். குழுவுல கொட்டிக் கிடக்குது. எங்க ஆளுங்க குதிக்கிறாங்க, கருவாடுங்க அவங்க தலைவனைத் துரோகின்னு திட்டுறாங்க, பல் டாக்டர் 'கப்பல்காரி பதில் சொல்லவும், கப்பல்காரி எங்கே'ன்னு ஓயாமக் கேக்கிறார். நான் ஒண்ணையும் படிக்கல. மாடிப்படிக்குக் கீழே, உடைஞ்ச பெஞ்செல்லாம் போட்டு வச்சிருக்கிற இடத்துக்குப் போனேன். விரல் தானாப் போய் அண்ணன் பேரைத் தொட்டுடுச்சு. ரிங் போயிக்கிட்டே இருந்துச்சு. எடுக்க மாட்டான். எடுக்காட்டி என்ன, எனக்கொண்ணும் இல்லைன்னு காதை விட்டு எடுக்கப் போறேன்,

"சொல்லுட்டி."

அப்பா குரலேதான். நான் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன். நல்லாருக்கியான்னு கேக்கல, அண்ணேன்னு கூடக் கூப்பிடல. "ஏன் விட்டுக்கொடுத்தே?"ன்னேன்.

அந்தப் பக்கம் தெருவுல ஏதோ லாரி போற சத்தம் மட்டும்.

"நான் எங்கட்டி விட்டுக்கொடுத்தேன்," ன்னான் அப்புறம். "அன்னைக்கு விட்டுக்கொடுத்திருக்கணும். அத்தனை பேருக்கு முன்னால அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதை யாரு கேட்டா? நான் குழுவைக் கேக்கேன். கேப்டன் நீதானே?"

"எந்தக் குழு? என்ன கேப்டன்?"

"எட்டாம் கோள், இரும்பு மீன், கவசத்தை இறக்கு... ஷட்டருன்னு எழுதுனேல்லா, காலையில?"

"அந்த டிவிப் படமா? நீ இன்னும் அதையா பாத்துக்கிட்டிருக்கே?" அவன் குரல்ல நிஜமான ஆச்சரியம், பொய் சொல்றப்ப வர்ற இழுப்பு இல்ல, எனக்குத் தெரியும் அந்த இழுப்பு. "எனக்கு இந்தப் போன்ல எழுதவே வராதுட்டி. பெயிண்டு ஆர்டர்கூட வாயால சொல்லித்தான் அனுப்புறேன்."

அவன் இல்ல. எங்கயோ எவனோ ஒருத்தன், எந்த ஊர்க்காரனோ, தினமும் ஒரு ஷட்டரை ஏத்தி இறக்குறவன், நல்ல மனசோட உண்மையை ஒத்துக்கிட்டிருக்கான். காலையில இருந்து நான் பட்ட பாடு அத்தனையும் வீண். எனக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. ஷகிலாகிட்ட எப்படிச் சொல்லுவேன்? போன்ல பல் டாக்டர் வேற டிங் டிங்னு காதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்கார்.

"வச்சிட்டியா?" ன்னான்.

"இல்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டே, வடிவு?"

பேரைச் சொல்லிட்டான். நான் வாயைத் திறந்தேன், கப்பலைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே மிச்சமில்ல. "உன்னைத் திட்டணும்," ன்னேன். "நாலு வருஷமா. அதுக்குத்தான்."

ஸ்டூலை இழுத்துப் போடுற சத்தம் கேட்டுச்சு. ஃபேன் சுவிட்சைத் தட்டுற சத்தம்.

"திட்டு," ன்னான். "சாப்பாட்டு நேரம்தான், கடையில ஆளில்ல. நின்னு நிதானமாத் திட்டு."

நான் ஆரம்பிச்சேன்.